பாட்டு முட்டிய முடுக்கு

சிப்பிப்பட்டினத்தில் மாடு முட்டி விழுந்தவர்கள் உண்டு, பெருநாள் கூட்டத்தில் ஆள் முட்டி விழுந்தவர்கள் உண்டு, ஆனால் பாட்டு முட்டி விழுந்த முதல் ஆள் எங்கள் பல்கீஸ் மாமிதான், அதுவும் சம்மந்தி வீட்டுக்கென்று அவித்த இடியாப்பத்தைப் பெரிய தட்டில் அடுக்கி, தட்டைத் தலையில் ஏற்றி, முடுக்கில் அன்னநடை நடந்து போகும்போது. எதுவோ நெஞ்சுக்குழியில் தடுத்தது. மாமி நின்றுவிட்டாள், தட்டு நிற்கவில்லை. அன்று காலை எங்கள் முடுக்குக் கோழிகளுக்கெல்லாம் இடியாப்பம்தான் பசியாற.

வெளியூர்க்காரர்களுக்கு முடுக்கு என்றால் தெரியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் தெரு ஆண்களுக்கு, முடுக்கு பெண்களுக்கு. எல்லா வீட்டுக்கும் முன்வாசல் தெருவைப் பார்த்திருக்கும், பின்வாசல் முடுக்கைப் பார்த்திருக்கும். இரண்டு வரிசை வீடுகளின் முதுகுகளுக்கு நடுவே ஓடும் அந்தச் சந்தில் எதிரெதிரே இருவர் வந்தால் ஒருத்தி சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம், ஆனால் அந்த அகலத்துக்குள்தான் கல்யாணப் பேச்சும் இரவல் சீனியும் மருமகள் குறையும் வட்டிலப்பமும் ஓதலும் ஊரை ஒரு சுற்று சுற்றி வரும். ஆண்கள் அதில் கால் வைப்பதில்லை. அவர்களுக்கு அங்கே நடப்பது எதுவும் தெரியாது, தெரிந்ததாக நடித்துக்கொள்வார்கள்.

மாமி எழுந்து கையை நீட்டித் தடவினாள். காற்றில் கட்டில் நாடா மாதிரி ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிந்தது. இரண்டு விரல் அகலம், பிடித்துத் தொங்கினாலும் தொய்யாத விறைப்பு, அதன் மேல் கடுகு ஒட்டினாற்போல வரிசையாகப் புள்ளிகள்.

“எவடி அவ, முடுக்குல கொடி கட்டுனவ?” என்று மாமி போட்ட சத்தத்தில் எல்லாப் பின்வாசலும் திறந்தன.

மதரஸா வாசலில் இருந்து மீராள் பதில் சொன்னாள். “கொடி இல்ல மாமி. அது என் பாட்டு. விடியக்காலைல பாடிக்கிட்டே வந்தேன். அப்படியே நின்னுட்டு போல இரிக்கி.”

மாமி இடியாப்பத்தைப் பார்த்தாள், கோழிகளைப் பார்த்தாள், மீராளைப் பார்த்தாள். “பாடுறதுதான் பாடுற, கொஞ்சம் ஓரமாப் பாடக் கூடாதா புள்ள?” என்றாள். எங்கள் ஊர் அந்த அதிசயத்தைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

மீராளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சின்ன வயதில் அவளைப் பட்டணத்துப் பார்வையற்றோர் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து புள்ளி எழுத்தைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தவள், முடுக்கின் நடுவில் சும்மா கிடந்த ஜமாஅத்தின் பழைய பண்டகசாலையைக் கேட்டு வாங்கி, சுற்றுவட்டாரத்தில் கண் தெரியாத பிள்ளைகளையெல்லாம் சேர்த்து ஒரு மதரஸா நடத்தினாள். அங்கே குர்ஆனும் புள்ளியில்தான். ஒவ்வொரு பாகமும் தலையணை கனம். அரபியை நாம் வலமிருந்து இடமாக ஓதுவோம், புள்ளியில் எழுதினால் அது இடமிருந்து வலமாக ஓடும். இதைக் கேள்விப்பட்டு ஆரம்பத்தில் ஊரே பதறியது. பிறகு பிள்ளைகள் ஓதுகிற அழகைக் கேட்டுவிட்டு, எந்தப் பக்கமிருந்து போனால் என்ன, போய்ச் சேருகிற இடம் சரிதான் என்று விட்டுவிட்டது.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நாங்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவள் ராத்தா, எங்களுக்கு ‘அந்தக் கண் தெரியாத புள்ள’. முடுக்கில் எதிரே வந்தால் சத்தம் காட்டாமல் சுவரோடு ஒட்டிக்கொள்வோம், பாவம் எதற்குத் தொந்தரவு என்று. அவளுக்கு எங்கள் ஒவ்வொருத்தியின் செருப்புச் சத்தமும் தெரியும். ஒட்டிக்கொண்டு நிற்பவள் யார், மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்பவள் யார் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டே பேசாமல் போவாள்.

அன்று அந்த நாடாவைப் படித்தது மதரஸாப் பிள்ளைகள்தான். ஒன்பது வயது சல்ஹா, வாய்க்குப் பூட்டே இல்லாத பெண், விரலை ஓட்டிக்கொண்டே நடந்து உரக்கப் படித்தாள்.

*பார்க்கத் தரவில்லை, பரவாயில்லை ரஹ்மானே,*
*பற்றிக்கொள் என்று விரல் பத்தும் தந்தாயே.*

இறைவனாகிய ரப்பிடம் கையேந்திக் கேட்கும் பாட்டை எங்கள் ஊரில் முனாஜாத்து என்போம். மீராள் பிள்ளைகளுக்குத் தலைசீவி விடும்போதும் அரிசியில் கல் பொறுக்கும்போதும் மனதுக்குள் கட்டி வந்த முனாஜாத்து அது. ஒரு ஈரடி மனதுக்கு ஒத்துவந்த காலையில் வீட்டிலிருந்து மதரஸாவுக்கு அதைப் பாடிக்கொண்டு வருவாள், அவள் வாய் உயரத்தில் அது நாடாவாக நின்றுவிடும். மீராள் குள்ளம். அதனால் அவள் உயரத்துக்காரிகளுக்கு முனாஜாத்து நேராக வாயில் முட்டியது, கொஞ்சம் உயரமானவர்களுக்குக் கழுத்தில், பல்கீஸ் மாமிக்கு நெஞ்சில், கூன் விழுந்தவர்களுக்கு நெற்றியில். சில வாரத்தில் எல்லோரும் குனிந்து நிமிர்ந்து நடக்கப் பழகிவிட்டோம். இடுப்பு வலி போயிற்று என்று சிலர் சொன்னார்கள்.

அதிலும் மதரஸாப் பிள்ளைகளின் கூத்தைப் பார்க்க வேண்டும். பலகையின் முன் உட்காரவைத்து ஒரு வரி படிக்கச் சொன்னால் தூங்கிவிழும் பிள்ளைகள், முடுக்கின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நாடாவைப் பிடித்துக்கொண்டு ஓடி ஓடிப் படித்தார்கள். சுவரைத் தடவித் தடவி நடந்தவர்கள் கையில் பாட்டைப் பிடித்ததும் ஓடத் தொடங்கிவிட்டார்கள். கண் தெரிந்த எங்கள் பிள்ளைகள் முட்டிக்கொண்டு விழுந்தார்கள், கண் தெரியாத பிள்ளைகள் ‘குனி, குனி’ என்று அவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனார்கள். ஓடுகிற சத்தத்தை மீராள் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை.

இதற்கிடையில் பல்கீஸ் மாமி, இழந்த இடியாப்பத்துக்கு ஈடாக, முதல் நாடாவில் ஈரத் துப்பட்டியைக் காயப்போட்டாள். ஒருத்தி போட்டால் போதாதா? மறுநாள் பார்த்தால் முடுக்கு முழுவதும் துணி. துப்பட்டி, கைலி, தலையணை உறை, ஒரு வீட்டில் உப்புக்கண்டம். ரஹ்மானின் பெயர் உள்ள அடியில் உள்பாவாடையைத் தொங்கவிடலாமா என்று கேள்வி கிளம்பி, மார்க்கம் படித்த நூஹு ஆலிமின் வீட்டம்மா மூலமாகப் பதில் வாங்கிவரப்பட்டது. துப்பட்டி கூடும், தொழுகை விரிப்பு கூடும், பூச்சரம் கூடும், மற்றதெல்லாம் மொட்டைமாடிக்குப் போக வேண்டும். எங்கிருந்து கேள்வி வருகிறது என்று ஆலிம் விசாரிக்கவில்லை. ஏதோ பெண்கள் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆண்களுக்கு விஷயம் தெரிந்தது காக்கைகளால். ஜமாஅத் தலைவர் உவைஸ் ஹாஜியார் மாடியில் நின்று பல் துலக்கும்போது கீழே பார்த்திருக்கிறார். முடுக்கில் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, உட்கார ஒன்றுமே இல்லாத இடத்தில். ஹாஜியார் கொழும்பில் வியாபாரம் பார்த்தவர், எதற்கும் அசராதவர். வாயைக் கொப்பளித்துவிட்டு நேராக நூஹு ஆலிம் வீட்டுக்குப் போனார். அன்று லுஹர் தொழுகைக்குள் ஊர் ஆண்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் பெண்கள் யாரும் முடுக்குக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆண்கள் வந்தார்கள். நாங்கள் பின்வாசல் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தோம். பிறந்ததிலிருந்து அந்த ஊரில் இருக்கிறார்கள், முடுக்கில் எப்படி நடப்பதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. முட்டினார்கள், மோதினார்கள், ஒருவர் தொப்பியை ஒருவர் மிதித்தார்கள். பிறகு நாடாவைத் தடவிப் பார்க்க முனைந்தார்கள், எல்லோரும் பழக்கதோஷத்தில் வலது முனையிலிருந்து. கடைசியில் சல்ஹாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். அவள் முதல் ஈரடியைப் படித்தாள், அடுத்த நாடாவுக்குப் போனாள்.

*வெள்ளை எது, கறுப்பு எது, விவரம் நான் அறியேனே,*
*உள்ளங்கை வெயிலை உன் அருளென்று கொண்டேனே.*

நூஹு ஆலிமுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர், பழைய பாட்டென்றால் உயிர். “ஷெய்கு அப்பா!” என்றார்.

ஷெய்கு அப்பா என்பவர் எங்கள் ஊர்க் கடற்கரையில் அடங்கியிருக்கும் இறைநேசர். அந்தக் காலத்தில் அவர் நிறையப் பாட்டுக் கட்டினாராம், கடைசி முனாஜாத்தை முடிக்காமலே மௌத்தாகிவிட்டாராம். அந்தப் பாட்டு என்றைக்காவது தானாக வந்து சேரும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. வந்துவிட்டது என்று முடிவு செய்ய அவர்களுக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

“பார்க்கத் தரவில்லைன்னா என்ன அர்த்தம்?” என்று ஆலிம் விளக்கம் சொன்னார். “இந்த துன்யாவுல ரப்பை ஊனக்கண்ணால பார்க்க ஏலாது. அதைத்தான் அப்பா சொல்றாக. பரவாயில்லைங்கிற வார்த்தை இரிக்கே, அது பெரிய நெருக்கம் உள்ளவக பேசுற பேச்சு. நாம பேசினா அதபுக் குறைவு, மரியாதை கெட்ட பேச்சு. விரல் பத்துங்கிறது ஞானத்தோட பத்துப் படி. உள்ளங்கை வெயில்ங்கிறது ஞான சூரியன்.”

“ஆலிம்சா,” என்றாள் சல்ஹா, “உள்ளங்கை வெயில்னா உள்ளங்கைல அடிக்கிற வெயில்தான். எங்க ராத்தா தினமும் காலைல படியில உக்காந்து கைய நீட்டிட்டு இருப்பாக.”

எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜியார் அவள் தலையைத் தடவி ஒரு மிட்டாய் கொடுத்தார்.

இவ்வளவு படித்தவர்கள் இவ்வளவு ஆழமாக யோசித்து, ஒரு கண் தெரியாத பெண் தனக்குக் கண் தெரியாது என்று பாடியிருக்கிறாள் என்பதை மட்டும் தவறவிட்டார்கள். அந்தப் பாட்டுக்குள் எத்தனை ஆழத்துக்கு வேண்டுமானாலும் முங்கிப் பார்க்க அவர்கள் தயார், கரையில் உட்கார்ந்திருந்தவளைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மீராள் தானே போய்ச் சொன்னாள். நூஹு ஆலிம் வீட்டுப் பின்வாசலுக்குப் போய், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, “ஆலிம்சா, அந்த முனாஜாத்து நான் கட்டினது,” என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஆலிம் கனிவாகத்தான் பேசினார். “உன் வாய் வழியா வந்திச்சுன்னு சொல்லும்மா, நம்புறேன். உனக்குக் கிடைச்ச பாக்கியம் அது. ஆனா குழாய்ல தண்ணி வருது, குழாய் என் தண்ணின்னு சொல்லலாமா? அப்பா உன் நாவுல பாடுறாக. அதோட பாரு, கட்டினவக பேரு எங்கயும் இல்ல. நம்ம ஊர்ல பேர் வைக்காம எவரும் பாட்டை முடிச்சது உண்டா?”

அதுதான் வினை. எங்கள் வழக்கப்படி கடைசி ஈரடியில் கட்டியவர் தன் பெயரை வைத்தால்தான் பாட்டு முடிந்ததாகக் கணக்கு. மீராள் கடைசி ஈரடியைக் கட்டவே இல்லை. ரப்பிடம் கேட்கும் இடத்தில் என் பெயர் எதற்கு என்று கூச்சப்பட்டு ஒதுக்கி வைத்திருந்தாள். யாரும் கூப்பிடாத பெயரைத் தானே கூப்பிட்டுக்கொள்ள அவளுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும்.

திரும்பி வந்து பல்கீஸ் மாமியிடம் உட்கார்ந்து அழுதாள். “என் கண்ணைப் பத்திப் பாடுனேன் மாமி. எனக்கு ரப்பு தராத ஒண்ணைப் பத்திப் பாடுனேன். அதையும் இன்னொருத்தருக்குக் கொடுத்துட்டாக.”

மாமி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஜமாஅத் கூடி முடிவெடுத்தது. ஷெய்கு அப்பாவின் பாட்டு நிற்கிற முடுக்கைப் பெண்கள் இனிமேல் நடைபாதையாக வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு பக்கமும் அடைத்து, தெருப் பக்கம் வாசல் திறந்து, பளிங்கு பதித்து, நாடாவை யாரும் தொட்டு அழுக்காக்காதபடி இரும்புக் கிராதி போட்டு, ஊரார் வந்து தரிசிக்கும் ஜியாரத்து இடமாக ஆக்க வேண்டும். பிள்ளைகளின் மதரஸாவுக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் பார்க்கலாம். வருகிற கந்தூரி அன்று, அதாவது அப்பாவின் நினைவு நாளில், ஷெய்கு அப்பாவின் பெயர் வைத்து ஆலிம் கடைசி ஈரடியைப் பாடி முனாஜாத்தை முடித்துவைப்பார். அன்றே கிராதிக்கு ஆசாரியிடம் சொல்லிவிட்டார்கள்.

“தொடக் கூடாதுன்னா எப்படிப் படிக்கிறது?” என்று சல்ஹா கேட்டாள். அவளுக்கு யாரும் மிட்டாய் தரவில்லை.

மீராள் பாடுவதை நிறுத்திவிட்டாள். இனி அவள் வாயைத் திறந்தால் வருவதெல்லாம் ஷெய்கு அப்பாவின் கணக்கில்தான் போகும். புது நாடா வராததைப் பார்த்த ஆண்கள், அப்பா கந்தூரிக்குக் காத்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். பிள்ளைகள் ஓடுவதும் குறைந்தது. பழைய நாடாக்களை மெல்லத் தடவி, கடைசிப் புள்ளி வந்ததும் இன்னும் கொஞ்சம் காற்றில் தேடிவிட்டுக் கையை இறக்கிக்கொள்வார்கள். எங்களுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பொறுக்கவில்லை என்றாலும் நாங்கள் யாரும் தெருவுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

கந்தூரி வந்தது. காலையிலிருந்தே களறி விருந்துக்குச் சட்டிகள் ஏறிவிட்டன. நெய்ச்சோற்று வாசமும் கத்தரிக்காய்ப் பருப்பு வாசமும் கடலைத் தாண்டிப் போயிருக்கும். அஸர் தொழுகைக்குப் பிறகு, தைக்கா என்னும் ஓதல் மண்டபத்தின் பெரிய முற்றத்தில் ஊரே கூடியது. நடுவே இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் கயிறு கட்டிப் பச்சைத் திரை போட்டிருந்தார்கள், அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். திரையை ஒட்டி முதல் வரிசையில் மீராளும் அவள் பிள்ளைகளும். பாட்டு முடிகிற இடத்தில் புது நாடா நிற்கும், தொட்டுப் படிக்கலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை. யார் பெயர் வரப்போகிறது என்பதை மீராள் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஆலிம் ஸலவாத்து ஓதிவிட்டுப் பாட ஆரம்பித்தார். நல்ல குரல். நாடாவில் நின்ற ஈரடிகள் எல்லாவற்றையும் வரிசையாகப் பாடி, கொஞ்சம் மூச்சு வாங்கி, தான் கட்டிய கடைசி ஈரடிக்கு வந்தார்.

*ஞானக்கண் திறந்த ஷெய்கு அப்பா நான் சொன்னேன்,*
*மோனக்கடல் மூழ்கி முத்தெடுத்து வந்தேனே.*

எதுகை மோனையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. “மாஷா அல்லாஹ்!” என்றது கூட்டம், என்றுவிட்டுக் கையை நீட்டியது. ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் காற்றைத் துழாவினார்கள். கொசு விரட்டுகிறார்களோ என்று நினைக்கும்படி இருந்ததாக, திரை ஓட்டை வழியாகப் பார்த்த பல்கீஸ் மாமி சொன்னாள். ஒன்றும் அகப்படவில்லை.

“இன்னொரு தடவை பாடுங்க ஆலிம்சா,” என்றார் உவைஸ் ஹாஜியார்.

ஆலிம் இன்னொரு தடவை பாடினார். அதுவும் நிற்கவில்லை. மேலே போயிருக்கும் என்று யாரோ சொல்ல, ஹாஜியார் நாற்காலி போடச் சொல்லி அதன் மேல் ஏறி நின்று துழாவினார்.

இந்தப் பக்கம் பிள்ளைகளும் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். கொஞ்ச நேரம் துழாவிவிட்டு ஒவ்வொன்றாகக் கைகள் மடிக்குத் திரும்பின. கண்ணாடி வளையல்கள் மேலிருந்து கீழே சரியும் சத்தம் வரிசையாகக் கேட்டது. அது மீராளின் காதில் விழுந்தது. சல்ஹா அவள் தோளில் சாய்ந்து, “ராத்தா, வெறுங்கை,” என்றாள்.

மீராள் எழுந்தாள். ஒரு உள்ளங்கையைத் திரையின் மேல் வைத்து, இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணை நோக்கி நடந்துகொண்டே, முடுக்கில் வருவது போலப் பாட ஆரம்பித்தாள்.

அதே நேரம் நாற்காலி ஆடியது. ஹாஜியார் பிடிமானத்துக்குத் திரைக் கயிற்றைப் பிடித்தார், கயிறு அறுந்தது, ஹாஜியார் நாலு பேர் மேல் விழுந்தார். திரை சரசரவென்று இறங்கியதும் நாங்கள் அலறிக்கொண்டு துப்பட்டியை இழுத்து முகம் மறைத்தோம். அலறலுக்கு நடுவில் மீராளின் குரல் மட்டும் நிற்கவில்லை.

*மஹ்ஷரிலே கூட்டம், வழி தெரியாது ரஹ்மானே,*
*மீராளே என்றழை, குரல் பிடித்து வருவேனே.*

இறங்கிய திரை பாதியில் நின்றது. தூணுக்குத் தூண், மீராளின் வாய் உயரத்தில், கொடியில் போட்ட துணி மாதிரி மடிந்து தொங்கியது. கயிறு இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது.

மஹ்ஷர் என்பது மறுமையில் எல்லோரையும் எழுப்பி ஒன்றுசேர்க்கும் மைதானம். அங்கே யாருக்கும் யாரும் இல்லை, தாய்க்குப் பிள்ளை இல்லை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், கையைப் பிடிக்க ஆளில்லாமல், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கப் போகும் ஒருத்தியை நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததே இல்லை. பெருமைக்காகவா அவள் பெயர் வைத்தாள்? கூப்பிட வேண்டுமே, அதற்காக வைத்தாள். பெண்கள் பக்கம் முதலில் பல்கீஸ் மாமி விம்மினாள், அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

அந்தப் பக்கம் நூஹு ஆலிம் திரையின் மடிப்பில் கைவைத்துத் தடவினார். துணிக்கு அடியில் பள்ளம் பள்ளமாகக் குழிகள் தட்டுப்பட்டன. மேடு எல்லாம் எங்கள் பக்கம் இருந்தது. வெகுநேரம் தடவிவிட்டு, “இது ஷெய்கு அப்பா பாட்டு இல்ல,” என்றார்.

“என்ன ஆலிம்சா சொல்றிய?” என்றார் ஹாஜியார், கீழே கிடந்தபடியே.

“மஹ்ஷர்ல ஷெய்கு அப்பா வழி தெரியாம நிக்க மாட்டாக ஹாஜியார். இதைப் பாடினவங்களுக்கு நெசமாவே கண் தெரியாது. அந்தப் புள்ள முதல் அடியிலயே சொல்லிட்டா, பார்க்கத் தரலைன்னு. அதைவிட வெளக்கமா ஒரு மனுசி எப்படிச் சொல்வா? நான்தான் சூரியன் கீரியன்னு எங்கெங்கயோ போயிட்டேன்.” பிறகு குரலைத் தணித்து, திரையைப் பார்த்து, “மீராளே,” என்றார். “என்னைப் பொறுத்துக்கம்மா.”

ஊரில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். மீராள் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பி, திரையின் மேல் கையை வைத்தாள். “பரவாயில்ல ஆலிம்சா,” என்றாள்.

பிறகு என்ன, சோறு ஆறிவிடும் என்று எல்லோரும் சாப்பிடப் போனோம். அன்றைய நெய்ச்சோறு அப்படி ஒரு ருசி.

கிராதி சொன்ன தேதிக்கு வந்து இறங்கியது. என்ன செய்வதென்று ஹாஜியார் நாலு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் மதரஸா மாடிப்படிக்குக் கைப்பிடியாகப் பொருத்திவிட்டார்கள். முடுக்கு முடுக்காகவே இருக்கிறது. வெளியூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேருகிறார்கள், நாடாவைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். துப்பட்டியும் காய்கிறது. காக்கைகள் மட்டும் ஏனோ இப்போது வருவதில்லை.

தைக்காத் திரையும் அப்படியேதான் தொங்குகிறது. கயிறு கட்ட வேண்டாம் என்று ஜமாஅத் ஒரு மனதாகச் சொல்லிவிட்டது. முன்னைவிடத் தாழ்வாக இருப்பதால் எழுந்து நின்றால் தலை தெரியும். அதனால் அங்கே எவ்வளவு பெரிய மனிதரும் உட்கார்ந்துதான் பேச வேண்டும், பேச்சும் சீக்கிரம் முடிகிறது. திரை எதில் தொங்குகிறது என்று கேட்கும் புது மாப்பிள்ளைகளிடம் “மீராள் பேர்ல,” என்று சொல்வோம். நூஹு ஆலிம் வாரத்துக்கு ஒரு நாள் புள்ளி எழுத்துப் படிக்கிறார். இன்னமும் வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்துத் திட்டு வாங்குகிறார்.

பாட்டு முடிந்துவிட்டதால் மீராள் பாடுவது எதுவும் இப்போது காற்றில் நிற்பதில்லை. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. விடியக்காலையில் அவள் முடுக்கில் இறங்கும்போது நாங்கள் யாரும் சுவரோடு ஒட்டிக்கொள்வதில்லை. முதல் வாசலில் இருந்து பல்கீஸ் மாமி, “மீராளே!” என்று கூப்பிடுவாள். அவள் அந்தக் குரலைப் பிடித்து நடப்பாள். அது முடிகிற இடத்தில் அடுத்த வாசலில் இன்னொருத்தி கூப்பிடுவாள், அதற்கடுத்து நான் கூப்பிடுவேன், இப்படி வாசலுக்கு வாசல் கைமாறி மதரஸா வரைக்கும் போய்ச் சேருவாள்.

“தெனமும் எதுக்கு மாமி இம்புட்டுச் சத்தம்? எனக்குத்தான் வழி தெரியுமே,” என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“உனக்கு வழி தெரியும் புள்ள,” என்றாள் மாமி. “அன்னிக்கு மஹ்ஷர்ல அந்தக் கூட்டத்துல ரப்பு உன்னைக் கூப்புடுற நேரம், நாங்களும் பக்கத்துல எங்கயாவதுதான் நிப்போம். அந்தப் பேரு எங்க காதுக்கும் பழகியிருக்கணும்ல. உன் பின்னாலயே வந்துருவோம்.”